மூன்று பக்கமும் ஷூ கம்பெனி: ஒப்பந்தத்தில் நம் பங்கு எங்கே?



திட்டக்குடியைச் சுற்றி இப்போது மூன்று பக்கமும் ஷூ கம்பெனி. மேற்கே பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். க்ராக்ஸ் போன்ற வெளிநாட்டு பிராண்டுகளுக்கான காலணிகள் அங்கே தயாராகின்றன. வடக்கே உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் நிறுவனம் 2,302 கோடி ரூபாய் முதலீடு செய்து 20,000 பேருக்கு வேலை தருவதாக 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது. தென்கிழக்கே ஜெயங்கொண்டத்தில் இன்னொரு தைவான் நிறுவனமான டீன் ஷூஸ் 1,000 கோடி முதலீடு, 15,000 வேலை என்று சொல்லி 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டியது.

இந்த மூன்று ஊர்களுக்கும் நடுவில் இருக்கிற நம்முடைய திட்டக்குடி தனித்தொகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் பட்டியல் சாதியினர். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்களின் பேத்திகள் இனி உலகத்துக்கே ஷூ தைக்கப் போகிறார்கள். செருப்புத் தைத்ததற்காகவே ஒரு சாதியைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய சமூகம், அதே தொழிலைத் தைவான்காரர் கொண்டு வந்தால் மாலை போட்டு வரவேற்கிறது. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதில் நம் வீட்டுப் பிள்ளைகளின் அடுத்த முப்பது வருட வாழ்க்கை இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்நிய முதலீட்டுக்குப் பின்னால் நம்முடைய பொது நிலமும் பொதுப் பணமும் இருக்கின்றன. அப்படியானால் அது பொது ஒப்பந்தம். பொது ஒப்பந்தத்தில் பட்டியல் சாதி மக்களின் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் கையெழுத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டும்.

கம்பெனி வேண்டாம் என்று நாம் சொல்லலாமா?

நம் இயக்கத் தோழர்களில் சிலர் "முதலாளித்துவம் வருகிறது, எதிர்ப்போம்" என்று தொடங்குகிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி. கம்பெனி வராவிட்டால் நமக்கு இருப்பது என்ன? மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலி. வெலிங்டன் ஏரியில் தண்ணீர் இருந்தால் நாற்று நடவு. கரும்பு வெட்டு. இந்தக் கூலியைக் கொடுக்கிறவர்தான் ஊர்த் தெருக்காரர். திருவிழாவில் தகராறு வந்தாலும், தேர்தலில் ஓட்டு மாறினாலும், காதல் கல்யாணம் நடந்தாலும் முதலில் நிற்பது வேலைதான். "நாளையிலிருந்து காட்டுக்கு வராதே" என்ற ஒரே வார்த்தையில் ஒரு சேரியையே பட்டினி போட முடியும்.

அம்பேத்கருக்குக் கிராமத்தைப் பற்றி மயக்கம் எதுவும் இருக்கவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைப் பற்றிப் பேசியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதற்கு முப்பது வருடம் முன்பே, 1918-ல், இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி எழுதிய கட்டுரையில், விவசாயத்தின் நோய்க்குத் தொழில்மயமாக்கலே மருந்து என்று வாதிட்டவர் அவர். ஊர்க்காரரிடம் கைநீட்டாமல் மாதம் முடிந்ததும் வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்குகிற ஒரு பெண், நம் தெருவில் சும்மா உருவாகிவிடவில்லை. அவளுடைய சம்பளத்தில் தம்பி கல்லூரிக்குப் போகிறான். அந்த வாய்ப்பைக் கொச்சைப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே அம்பேத்கர் 1947-ல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில், முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டார். தொழில் வளரட்டும், ஆனால் தனி முதலாளியின் தயவில் நம் மக்களை விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. 1991-க்குப் பிறகு நாடு போன வழி வேறு. அரசு வேலை சுருங்கியது, தனியார் வேலை பெருகியது. தமிழ்நாட்டில் நமக்கு அரசு வேலையில் 18 சதவீத இடஒதுக்கீடு உண்டு. வேலைகள் பெருகுகிற இடத்தில் அது பூஜ்யம்.

யாருடைய பணம்?

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் 26.9 லட்சம் வேலை என்று அறிவித்தார்கள். இதற்கு முன் 2015-ல் 2.42 லட்சம் கோடி, 2019-ல் 3 லட்சம் கோடி. ஆட்சி மாறினாலும் மாநாடு மாறவில்லை. மூன்று மாநாட்டிலும் கோடிக்கணக்கு சொன்னார்கள், வேலைக்கணக்கு சொன்னார்கள். அந்த வேலைகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கணக்கை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

முதலீட்டாளர் வெறும் கையோடு வரவில்லை, உண்மைதான். ஆனால் அவர் வரும்போது நாம் வெறும் கையோடு நிற்பதும் இல்லை. சிப்காட் நிலம் சலுகை விலையில் போகிறது. பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. மின்சார வரி விலக்கு உண்டு. மூலதன மானியம் உண்டு. பெரிய நிறுவனம் என்றால் அதற்கென்றே தனிச் சலுகைத் தொகுப்பு தயாராகிறது. சாலை, தண்ணீர், துணை மின்நிலையம் எல்லாம் அரசு செலவு. இப்போது தங்குமிடமும் சேர்ந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெண்கள் பாதுகாப்பாகத் தங்க இடம் வேண்டும், அது நல்ல காரியம். ஆனால் அது பொதுப் பணத்தில் கட்டியது என்பதை மறக்கக் கூடாது.

இவ்வளவும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு என்ன எழுதி வாங்கினோம்? நோக்கியா கதையை இளம் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005-ல் ஒப்பந்தம், 200 ஏக்கருக்கு மேல் நிலம், விற்பனை வரியைத் திருப்பித் தரும் சலுகை. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று ஆலையை மூடினார்கள். இடையில் வரித் தகராறு, இன்னொரு பக்கம் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! நிலமும் சலுகையும் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. போகும்போது தொழிலாளிக்கு என்ன என்பது மட்டும் கடைசி நேரத்துப் பேரமாகிப் போனது.

நிலம்: பட்டா இருந்தால் விலை, இல்லாவிட்டால்?

வெள்ளாற்றைத் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டம். அங்கே திருமாந்துறை சுங்கச்சாவடியைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஜிவிகே நிறுவனமும் டிட்கோவும் சேர்ந்து சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைப்பதாகச் சொல்லி, 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 3,000 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரும், வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. மண்டலம் எழவில்லை. நிலம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டுப் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். அவர்களுடைய போராட்டம் நியாயமானது.

ஆனால் அந்தப் போராட்டத்திலும் ஒரு கூட்டத்தின் குரல் கேட்கவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரருக்குக் கொஞ்சமோ நஞ்சமோ விலை கிடைத்தது. அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கும், பருத்தி பறித்தவருக்கும், ஆடு மேய்த்தவருக்கும்? அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆகவே இழப்பீட்டுப் பட்டியலிலும் இல்லை. நெய்வேலியில் மூன்று தலைமுறையாக நடப்பதும் இதுதான். நிலத்தோடு சேர்ந்து வேலையும் போகிறது, ஆனால் விலை நிலத்துக்கு மட்டும்.

2013-ல் வந்த மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. அந்த நிலத்தை நம்பி மூன்று வருடமாகப் பிழைத்துவரும் விவசாயக் கூலிகளையும் குத்தகைக்காரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று அது ஏற்றுக்கொண்டது. கையகப்படுத்தும் முன்பு சமூகத் தாக்க ஆய்வு நடத்தவும் சொன்னது. தமிழ்நாடு என்ன செய்தது? தன்னுடைய 1997-ஆம் வருடத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், அதே வருடம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் இரண்டு கழகங்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2023 ஏப்ரலில் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் பெரிய திட்டங்களுக்குள் சேர்த்துக்கொள்ள வழி செய்கிறது. ஏரிக்கரையும் ஓடைப் புறம்போக்கும் யாருடைய மேய்ச்சல் நிலம், யாருடைய குடியிருப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

பஞ்சமி நிலத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-ல் அனுப்பிய அறிக்கையின் பேரில் 1892-ல் அரசாணை வந்தது. பட்டியல் சாதியினருக்கு மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது என்பது இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் நம் மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணை போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். இன்று எந்தச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி உலகத்தின் கார்களையும் கைபேசிகளையும் செய்கிறதோ, அந்த மண்ணில்தான் பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிறது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது, இதில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்று முதலில் அளந்து வெளியிடுங்கள் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கையா?

வேலை: எத்தனை மணி, எத்தனை வருடம்?

எட்டு மணி நேர வேலையை இந்தியத் தொழிலாளிக்குக் கொண்டு வருவதில் அம்பேத்கரின் பங்கு பெரியது. 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவர் காலத்தில்தான் 1946-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆனது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. அரசு விலக்கு அளித்தால் ஆலைகளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றது அது. எந்தெந்தத் துறைக்கு இது என்று கேட்டபோது அரசுத் தரப்பு சொன்ன பட்டியலில் மின்னணுத் தொழிலோடு தோல் அல்லாத காலணித் தொழிலும் இருந்தது. அதாவது நம்மைச் சுற்றி வருகிற இதே ஷூ கம்பெனிகள். மசோதாவைக் கொண்டு வந்த அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன், அப்போது நம் திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. நம்மைப் போன்றவர்கள் போட்ட சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்ததோ அங்கேயே இன்னும் உயிரோடு இருக்கிறது.

வேலைக்குப் போன இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்றே தெரியாமல் மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஜூனில், திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தியை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, சங்கம் வைக்கும் உரிமை. நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவானது.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இது. பதினெட்டு வயதில் வேலைக்கு எடுத்து, கல்யாணம் ஆகும்போது அனுப்பிவிடுவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தால் யாருக்கும் பணிக்காலம் சேராது. இந்தக் கணக்குக்கு மிக வசதியாகக் கிடைப்பவர்கள் நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள். திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளக் காணி இல்லாதவள், கிடைத்த வேலையை விட மாட்டாள் என்று ஆள் எடுப்பவருக்குத் தெரியும்.

கம்பெனிக்குச் சாதி தெரியாதா?

"கார்ப்பரேட் கம்பெனியில் சாதி இல்லை, திறமைதான்" என்று கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொல்வார்கள். 2007-ல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. ஆதிக்க சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படலாம். அதற்குப் பதிலாக இங்கே "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர், வேன் விடுபவர், விடுதி நடத்துபவர், சாப்பாடு சப்ளை செய்பவர், மண் அடிப்பவர் எல்லோரும் உள்ளூர் ஆதிக்க சாதியிலிருந்து வந்தால், கம்பெனி தைவானில் இருந்தாலும் வாசல் நம் ஊர் வாசலாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சாதி தெரியாது என்பதும் இப்போது செல்லாது. ஆப்பிள் தன் ஊழியர் நடத்தை விதியில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சட்டமே போட்டது. அமெரிக்காவில் தெரிந்த சாதி, உளுந்தூர்பேட்டைக்கு வரும்போது மட்டும் மறந்துபோகுமா?

நிபந்தனை போட்டால் ஓடிவிடுவார்களா?

இதுதான் எல்லோரும் சொல்கிற பயம். "நீ நிபந்தனை போட்டால் அவன் ஆந்திராவுக்குப் போவான், குஜராத்துக்குப் போவான்." இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மாநிலங்கள் சலுகையில் போட்டி போடுகின்றன. ஆனால் நிபந்தனை போட்டு முதலீடு வாங்கிய நாடுகளும் உண்டு.

தென்னாப்பிரிக்கா 2003-ல் கறுப்பின மக்களின் பொருளாதார அதிகாரத்துக்கு ஒரு சட்டம் போட்டது. உரிமையில், நிர்வாகத்தில், கொள்முதலில், பயிற்சியில் கறுப்பின மக்களின் பங்குக்கு மதிப்பெண் வைத்தது. பங்கு உரிமையை விட்டுத் தர முடியாத பன்னாட்டுக் கம்பெனிகள் அதற்கு ஈடாக வேறு வழியில் முதலீடு செய்யலாம் என்றது. 2019-ல் அங்குள்ள ஏழு கார் நிறுவனங்கள் சேர்ந்து 600 கோடி ராண்டுக்கு ஒரு நிதியை ஏற்படுத்தின. கறுப்பினத்தவர் நடத்தும் உதிரிபாகத் தொழில்களை வளர்ப்பதற்காக. அந்த ஏழில் ஃபோர்டும் ஒன்று. நம் மறைமலை நகரில் ஆலை நடத்திய அதே ஃபோர்டுதான். அங்கே கேட்டார்கள், கொடுத்தது. இங்கே யாரும் கேட்கவில்லை.

மலேசியா 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டு வந்தது. மலாய் மக்களுக்கு வேலையிலும் பங்கு உரிமையிலும் இலக்கு வைத்தது. அடுத்த வருடமே இன்டெல் பினாங்கில் ஆலை போட்டது. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பங்கு உரிமை விதியில் தளர்வு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாக் கம்பெனியிடமும் எல்லாவற்றையும் கேட்க முடியாது, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்பது அதில் உள்ள பாடம். இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் கொள்கையில் தோட்டத் தமிழர்கள் விடுபட்டுப் போனார்கள். 'உள்ளூர் மக்களுக்கு வேலை' என்று பொதுவாக எழுதினால், உள்ளூரிலேயே கடைசியில் நிற்பவர்களுக்கு அது வந்து சேராது. தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் தமிழர்களுக்கு 75 சதவீத வேலை என்று சொன்னபோதும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த 75-க்குள் சேரி எங்கே?

மிகப் பெரிய உதாரணம் திண்டுக்கல்லில் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் வழக்கோடு நிற்கவில்லை. அந்த ஆலையில் துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளை நோக்கிப் போனது. ஆசிய அளவிலும் உலக அளவிலும் தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் பிராண்டோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் எழுத்தில் வைத்து, புகார் சொல்லும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு கொடுத்த ஒப்பந்தம் அது. கம்பெனி ஓடவில்லை. ஒரு உயிர் போன பிறகு கிடைத்தது என்பதுதான் வலி. எறையூரிலும் உளுந்தூர்பேட்டையிலும் ஜெயங்கொண்டத்திலும் உயிர் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலீட்டாளர்கள் தமிழ்நாட்டுக்கு வருவது வெறும் சலுகைக்காக அல்ல. துறைமுகம் இருக்கிறது, சாலை இருக்கிறது, பன்னிரண்டாவது முடித்த பெண் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது சத்துணவும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் விடுதியும். அந்த ஐம்பது வருட முதலீடு நம் அரசும் நம் பெற்றோரும் போட்டது. அதற்கும் ஒரு விலை உண்டு என்று பேரம் பேச நமக்குத் தயக்கம் எதற்கு?

நாம் கேட்க வேண்டியவை

1. சலுகைத் தொகுப்பு வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் சாதி, பாலினம், நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரித்து வேலைக்கணக்கை வருடம்தோறும் வெளியிட வேண்டும். மானியம் அந்தக் கணக்கோடு கட்டப்பட வேண்டும்.

2. மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு வேலை இலக்காக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தையல் வரிசையில் மட்டும் போதாது. மேற்பார்வையாளர், மனிதவளம், பொறியாளர் பதவிகளிலும் வேண்டும்.

3. நிலம் எடுக்கும் முன் பஞ்சமி நிலக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். அந்த நிலத்தில் பிழைத்த கூலிக் குடும்பங்களின் பட்டியல் எடுத்து, அவர்களுக்கும் இழப்பீடும் வேலை முன்னுரிமையும் தர வேண்டும்.

4. வேன், உணவகம், பெட்டி தயாரிப்பு, சீருடை, கட்டுமானம் என்று கம்பெனி வெளியில் கொடுக்கும் வேலையில் தலித் தொழில்முனைவோருக்குப் பங்கு வேண்டும். மத்தியப் பொதுத்துறைக் கொள்முதலில் எஸ்சி, எஸ்டி சிறு நிறுவனங்களுக்கு 4 சதவீதம் என்று 2012 முதல் விதி இருக்கிறது. மாநிலத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியம் தருகிறது. மானியம் வாங்கித் தொழில் தொடங்கியவர் பொருளை யாருக்கு விற்பார்? அந்தச் சந்தையைச் சலுகை வாங்கும் கம்பெனிதான் திறந்துவிட வேண்டும்.

5. எட்டு மணி நேரம், சங்கம் வைக்கும் உரிமை, திருமணத்தால் வேலை போகாது என்ற உறுதி, ஆலை மூடினால் என்ன இழப்பீடு என்பது. இவை நான்கும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

இதோடு அரசுக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கேரியரும் செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன. தைவானுக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இந்தச் சிறு ஆலைகளுக்குக் கொடுத்தால், நம் பிள்ளை தொழிலாளியாக மட்டுமல்ல, சூளைக்கு உரிமையாளராகவும் ஆகலாம்.

மாணவத் தோழர்கள் செய்ய வேண்டியது

போஸ்டர் ஒட்டுவதற்கு முன் ஆவணம் சேருங்கள். சிப்காட்டுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஒப்பந்தத்தின் நகல், நில ஒதுக்கீட்டு ஆணை, வேலைக்கணக்கு மூன்றையும் தனித்தனி மனுவாகக் கேளுங்கள். பிரிவு 8(1)(டி)-ஐக் காட்டி 'வணிக ரகசியம்' என்று மறுப்பார்கள். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது, அதை வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் யார் யார் பெயரில் இருக்கிறது என்று தொழிலாளர் துறையில் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'ஏ' பதிவேட்டைப் பார்த்து, நம் மக்களுக்கு ஒப்படை செய்த நிலம் எது என்று சர்வே எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய ஒப்படைப் பதிவோடு ஒப்பிடுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளில் மேலே சொன்ன ஐந்தையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தீர்மானத்தை எழுத மறுத்தால் அதையும் எழுத்தில் ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

வேலைக்குப் போகிற நம் தங்கைகளோடு பேசுங்கள். அவர்கள் கையில் நியமனக் கடிதம் இருக்கிறதா, அதில் யாருடைய பெயர் முதலாளி என்று இருக்கிறது, பி.எஃப். எண் வந்ததா என்று கேளுங்கள். அவர்களை அனுதாபத்தோடு பார்க்க வேண்டாம். நெடுஞ்சாலையை இரவெல்லாம் மறித்தவர்கள் அவர்கள்தான். திண்டுக்கல்லில் உலக பிராண்டுகளைக் கையெழுத்துப் போட வைத்தவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். நம்மைவிட அவர்களுக்கு நிறையத் தெரியும்.

பௌ சென், டீன் ஷூஸ் இரண்டும் சொன்ன வேலையை மட்டும் கூட்டினால் 35,000. இவ்வளவு வேலை நம் பகுதிக்கு இதற்கு முன் வந்ததில்லை. அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மனுவை இன்றே எழுதத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.